லேன் கேபிள் மாட்டியும் நெட் ஏன் நொண்டுது?

வைஃபை ஸ்லோவா இருந்தா யாரும் பெருசா கவலைப்படறதில்ல, நடுவுல சுவர் இருக்கு, பக்கத்து வீட்டு சிக்னல் இருக்கு, சாக்கு சொல்ல ஆயிரம் இருக்கு. ஆனா லேன் கேபிள் மாட்டியாச்சு, ஐகான்ல மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்ல, பிங் (எதிர்முனை பதில் சொல்லுதான்னு பார்க்கற சின்ன டெஸ்ட்) போட்டா டக்கு டக்குனு பதில் வருது, அப்படியும் ஒரு ஃபைல் இறக்கினா ஊர்ந்து ஊர்ந்து வருதுன்னா அப்பதான் மண்டை காயும். உடனே நெட் கம்பெனிக்கு போன் போடறது, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது, புது கேபிள் வாங்கறதுன்னு ஒரு ரவுண்டு போவோம். நெட்வொர்க் கார்டோட டிரைவர் (கார்டை ஓட்டற சாஃப்ட்வேர்) மேல சந்தேகம் வர்றது கடைசிலதான், அதுக்கு ஒரு காரணமும் இருக்கு. டிரைவர்ல கோளாறுன்னா நெட் மொத்தமா நின்னுடும்னு நாம நினைக்கிறோம், ஆனா நிஜத்துல பெரும்பாலும் அது நிக்காது, ஸ்லோ ஆகும், அவ்வளவுதான்.

ஏன் நிக்காதுன்னா, டிரைவருக்கு மேல டிசிபின்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான், டேட்டா முழுசா போய்ச் சேருதான்னு பார்த்துக்கற புரோட்டோகால். கீழ பாக்கெட் (டேட்டாவை வெட்டி அனுப்பற சின்ன துண்டு) தொலைஞ்சா அவன் சத்தமே போடாம திரும்ப அனுப்பிடுவான், கூடவே "ஓ, வழில டிராஃபிக் ஜாஸ்தி போல"ன்னு நினைச்சு தன்னோட வேகத்தையும் குறைச்சுக்குவான். தொலைஞ்சது டிராஃபிக்காலயா டிரைவராலயான்னு அவனுக்கு தெரியாது. அதனால டிரைவர் பண்ற தப்பு பெரும்பாலும் எர்ரரா உங்க கண்ணுக்கு வராது, வேகக் குறைவாத்தான் வரும்.

இது எவ்வளவு மோசமா போகும்னு கணக்கு போட ஒரு ஃபார்முலா இருக்கு, 1997ல மாத்திஸ்ங்கற நெட்வொர்க் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் எழுதினது. வேகம் வந்து பாக்கெட் சைஸைப் பொறுத்து ஏறும், போய்வர்ற நேரத்தைப் பொறுத்தும், தொலையற விகிதத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தும் இறங்கும். 1460 பைட் பாக்கெட், 100க்கு 1 தொலையுதுன்னு வைங்க. சர்வர் 50 மில்லிசெகண்ட் தூரத்துல இருந்தா ஒரு கனெக்ஷனுக்கு 3 எம்பிபிஎஸ் கூட தேறாது, லைன் ஜிகாபிட்டா இருந்தாலும் சரி. அதே 1 சதவீதம் தொலையற கார்டுலயே, அரை மில்லிசெகண்ட் தூரத்துல பக்கத்து ரூம் மெஷினுக்கு காப்பி பண்ணா 280 எம்பிபிஎஸ் வரைக்கும் வரும். பழைய மாடல் டிசிபிக்கான கணக்கு இது, இப்ப உள்ளதுல சிலது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனா போக்கு இதேதான். "லோக்கல்ல நல்லாத்தானே ஓடுது, அப்ப நெட் கம்பெனி மேலதான் தப்பு"ன்னு முடிவு கட்டறவங்க இந்த இடத்துலதான் மாட்டிக்கறாங்க.

பிங் நல்லா வருதேன்னு கேட்டா, விண்டோஸ்ல பிங் போட்டா போறது 4 பாக்கெட், ஒவ்வொண்ணுலயும் 32 பைட் டேட்டா. 100க்கு 1 தொலையற லைன்ல அந்த நாலும் பத்திரமா திரும்பி வர்றதுக்கு 96 சதவீதம் வாய்ப்பு இருக்கு. அப்புறம் "லாஸ் 0%"னு பார்த்துட்டு நிம்மதியா இருந்தா யார் என்ன பண்றது.

சரி, டிரைவர் அப்படி என்னதான் பண்ணுது. ரேம்ல ஒரு வட்ட வரிசை போட்டு வைக்கும், ரிங் பஃபர்னு பேரு, ஏற்றச் சக்கரத்துல வாளிங்க சுத்தி வர்ற மாதிரி காலி இடங்கள் வரிசையா வந்துட்டே இருக்கும். கார்டுக்கு பாக்கெட் வந்தா சிபியுவை தொந்தரவு பண்ணாம நேரா அடுத்த காலி இடத்துல கொண்டு போய் போட்டுட்டு, இன்டரப்ட் அடிச்சு "வந்திருக்கு, எடுத்துக்கோ"ன்னு சொல்லும். டிரைவர் வந்து எடுத்துட்டு இடத்தை திரும்ப காலின்னு எழுதி வைக்கணும். ஜிகாபிட் லைன்ல முழு சைஸ் பாக்கெட் வந்தாலே செகண்டுக்கு 81 ஆயிரம், எல்லாம் குட்டி பாக்கெட்டா வந்தா 14 லட்சத்து 88 ஆயிரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு இன்டரப்ட் அடிச்சா சிபியு வேற எந்த வேலையும் பார்க்க முடியாது, அதனால கொஞ்சம் சேர்த்து வச்சு ஒரே தடவை அடிக்கறதுக்கு இன்டரப்ட் மாடரேஷன்னு ஒரு செட்டிங் இருக்கு. இதை அளவுக்கு மீறி சேர்த்தா லேட்டாகும், ஆஃப் பண்ணா சிபியு திணறும். கேம் ஆடறவங்க லேட்டன்சி (பதில் வர்ற தாமதம்) குறையும்னு இதை ஆஃப் பண்ண சொல்லி ஒருத்தருக்கொருத்தர் டிப்ஸ் குடுத்துக்கறாங்க, பழைய சிபியுல அப்படி பண்ணா டவுன்லோடு வேகம் விழறதுதான் மிச்சம். டிரைவர் எடுக்க லேட் ஆகி காலி இடம் தீர்ந்து போச்சுன்னா, அடுத்து வர்ற பாக்கெட்டை கார்டு கீழ போட்டுடும், யாருக்கும் சொல்லாது, ஒரு கவுண்டர்ல மட்டும் ஒண்ணு கூட்டிக்கும். அந்த கவுண்டரை அப்புறம் பார்ப்போம்.

இன்னொரு பெரிய தலைவலி ஆஃப்லோடு. 1500 பைட்டா வெட்டறது, செக்சம் (டேட்டா கெடலையான்னு சரிபார்க்கற எண்) போடறது மாதிரி வேலையை சிபியு பண்ணாம கார்டு தலையில கட்டறதுதான் இது. ஓஎஸ் 64 கிலோபைட் வரைக்கும் ஒரே பெரிய துண்டா குடுக்கும், கார்டு அதை நாற்பத்தி சொச்சம் பாக்கெட்டா நறுக்கி அனுப்பும், விண்டோஸ்ல இதுக்கு லார்ஜ் சென்ட் ஆஃப்லோடுன்னு பேரு. நல்ல ஐடியாதான், சரியா வேலை செய்யற வரைக்கும். டிரைவருக்கும் சிப்புக்கும் ஒத்துப்போகலைன்னா நறுக்கினதுல ஏதோ ஒண்ணு தப்பா போகும், எதிர்முனை செக்சம் பார்த்துட்டு தூக்கி போட்டுடும், நம்ம டிசிபி திரும்ப அனுப்பும், அதுவும் அதே கார்டு வழியாத்தான் போகணும். இதோட அடையாளம் என்னன்னா டவுன்லோடு சூப்பரா இருக்கும், அப்லோடு மட்டும் படுத்துரும், ஏன்னா நறுக்கற வேலை அனுப்பற பக்கம்தான் நடக்குது. இங்க ஒரு எச்சரிக்கை: வயர்ஷார்க் (பாக்கெட்டை பிடிச்சு காட்டற புரோகிராம்) போட்டு அனுப்பற மெஷின்லயே பார்த்தா எல்லா பாக்கெட்டுலயும் செக்சம் தப்புன்னு காட்டலாம், பயப்படாதீங்க, கார்டு செக்சம் எழுதறதுக்கு முன்னாடியே வயர்ஷார்க் காப்பி எடுத்துடுது, அவ்வளவுதான் விஷயம். உண்மையிலேயே தப்பா போகுதான்னு தெரியணும்னா வாங்கற மெஷின்ல வச்சு பார்க்கணும்.

இதுக்கெல்லாம் முன்னாடி, ஸ்பீடு டெஸ்ட்ல வர்ற நம்பரையே கொஞ்சம் உத்துப் பாருங்க. 94 பக்கத்துல போய் நின்னு அதுக்கு மேல ஒரு புள்ளி கூட ஏறலைன்னா, லிங்க் 1000க்கு பதிலா 100ல உட்கார்ந்திருக்குன்னு அர்த்தம், 100 எம்பிபிஎஸ்ல ஹெடர் எல்லாம் போக மிஞ்சறது அவ்வளவுதான். ஃபைல் காப்பில பார்த்தா செகண்டுக்கு 11 மெகாபைட் சொச்சத்துல முட்டி நிக்கும். விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும், லினக்ஸ்ல ஈத்டூல்னு ஒரு கமாண்ட் போட்டா தெரியும். 100க்கு கேபிள்ல ரெண்டு ஜோடி கம்பி போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும், அதனால ஒரு கம்பி அறுந்தா கூட 100க்கு இறங்கிடலாம். இதுல நிறைய கேஸ் கேபிள்தான், டிரைவர் இல்ல, இதை முதல்லயே சொல்லிடணும். ஆனா ரீஸ்டார்ட் பண்ணா 1000 ஆகுது, ஸ்லீப்ல போட்டு எழுப்பினா 100 ஆகுதுன்னா அது கேபிள் பண்ற வேலை இல்ல, கேபிளுக்கு தூக்கமும் கிடையாது முழிப்பும் கிடையாது. ஸ்லீப்ல கரண்ட் மிச்சம் பிடிக்க டிரைவர் லிங்கை 10க்கோ 100க்கோ இறக்கும், எழும்போது திரும்ப ஏத்தணும், சில டிரைவர் வெர்ஷன்ல அது மறந்து போகும்.

வேகத்தை ரெண்டு முனையும் பேசி முடிவு பண்றதுக்கு ஆட்டோ நெகோஷியேஷன்னு பேரு, 1995ல 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டோட சேர்ந்து தரத்துக்குள்ள வந்தது. டிவைஸ் மேனேஜர்ல கார்டோட அட்வான்ஸ்டு டேப்ல ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்னு ஒண்ணு இருக்கும் (டூப்ளெக்ஸ்னா ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் பேசலாமா இல்லையாங்கறது), அதை "100 ஃபுல் டூப்ளெக்ஸ்"னு கைல மாத்தி வைக்கறவங்க இன்னும் இருக்காங்க. தயவுசெஞ்சு வேண்டாம். நீங்க ஒரு பக்கம் ஃபிக்ஸ் பண்ணிட்டா கார்டு பேசறதை நிறுத்திடலாம், அப்ப எதிர்ல இருக்கற ஸ்விட்ச்சுக்கு வேகம் என்னன்னு கண்டுபிடிக்க முடியும், டூப்ளெக்ஸ் கண்டுபிடிக்க முடியாது, ரூல்படி அது ஹாஃப் டூப்ளெக்ஸ்னு எடுத்துக்கும். இந்தப் பக்கம் கேட்டுட்டே பேசும், அந்தப் பக்கம் ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக்கூடாதுன்னு நினைக்கும், மோதல் மோதல்னு பாக்கெட் செத்துட்டே இருக்கும். பிங் அப்பவும் அழகா வரும், அதுதான் கொடுமை. ஜிகாபிட்ல இந்த விளையாட்டு செல்லாது, யார் கடிகாரத்தை யார் பின்பத்தணும்னு முடிவு பண்ணவே அங்க பேச்சுவார்த்தை கட்டாயம்.

மின்சார சிக்கனம்னு இன்னொண்ணு, எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், 2010ல வந்த தரம். டேட்டா இல்லாத நேரத்துல லிங்க் கண் அசந்துடும், ஜிகாபிட்ல எழ 16.5 மைக்ரோசெகண்ட், நாம உணரவே முடியாத அளவு. ரெண்டு பக்கமும் சரியா பேசிக்கிட்டா பிரச்சினையே இல்ல, ஒத்துப்போகலைன்னா லிங்க் விழுந்து விழுந்து எழும், நெட் நிமிஷத்துக்கு ஒரு தடவை தடுக்கும். ஆஃப் பண்ணி பார்க்கறதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல.

இப்ப கவுண்டருக்கு வருவோம். ஸ்பீடு டெஸ்ட்டை விட்டுட்டு ஐபெர்ஃப்3 மாதிரி வேகம் அளக்கற டூல் ஒண்ணை ரெண்டு மெஷின்ல ஓட விட்டு, ஓடறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கார்டோட கணக்கை பாருங்க, லினக்ஸ்ல ஈத்டூல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆப்ஷன், விண்டோஸ்ல பவர்ஷெல்ல அடாப்டர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். சிஆர்சி எர்ரர் (வழில கெட்டுப்போய் வந்த பாக்கெட்) ஏறினா கேபிள், கனெக்டர், இல்லைன்னா டூப்ளெக்ஸ் சண்டை. மிஸ்டு, நோ பஃபர்னு வர்றது ஏறினா வயர்ல பத்திரமா வந்ததை எடுத்துக்க ஆள் இல்ல, அது டிரைவர் அல்லது சிபியு பக்கம், ரிசீவ் பஃபர் எண்ணிக்கையை ஏத்திப் பார்க்கலாம். கார்டுல எல்லாமே சுத்தமா இருக்கு ஆனா ஐபெர்ஃப்3ல ரீட்ரான்ஸ்மிட் (திரும்ப அனுப்பினது) மட்டும் எகிறுதுன்னா ஆஃப்லோடை சந்தேகப்படுங்க, இல்லைன்னா தொலையறது ஸ்விட்ச்லயோ அதுக்கு அப்பாலயோ. லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) லாக்ல "நெட்டெவ் வாட்ச்டாக்"னு ஆரம்பிச்சு டிரான்ஸ்மிட் கியூ டைம்டு அவுட்னு வரி இருந்தா, கார்டு அனுப்பறதுல சிக்கி நின்னிருக்கு, டிரைவர் அதை ரீசெட் பண்ணி ஓட்டிட்டிருக்குன்னு அர்த்தம்.

இதுக்கெல்லாம் பொறுமை இல்லைன்னா ஒரு குறுக்கு வழி: யுஎஸ்பில லினக்ஸ் லைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற லினக்ஸ்) போட்டு பூட் பண்ணுங்க. அதே கார்டு, அதே கேபிள், அதே ஸ்விட்ச், ஓஎஸ்ஸும் டிரைவரும் மட்டும் வேற. அங்க வேகம் வந்துட்டா விண்டோஸ் பக்கம்தான் கோளாறு, அங்கயும் நொண்டினா முதல்ல கேபிளையும் போர்ட்டையும் மாத்திப் பாருங்க. எனக்கு தெரிஞ்சு இவ்வளவு தெளிவா பதில் சொல்ற டெஸ்ட் வேற இல்ல.

விண்டோஸ் பக்கம்னு தெரிஞ்சதும் டிரைவரை மாத்த ஓடாதீங்க, நடுவுல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க. அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல டிக் போட்ட லிஸ்ட் ஒண்ணு இருக்கும், விபிஎன், ஆன்டிவைரஸ், மதர்போர்டோட வர்ற "கேமிங் நெட்வொர்க்" சாஃப்ட்வேர் எல்லாம் ஃபில்டர் டிரைவரா அங்க நுழைஞ்சு ஒவ்வொரு பாக்கெட்டையும் நிறுத்தி விசாரிச்சுட்டு இருக்கும். சாஃப்ட்வேரை அழிச்ச பிறகும் சிலது ஃபில்டரை விட்டுட்டு போகும். அதெல்லாம் சுத்தம்னா அப்புறம் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு, ஐபிவி4க்கும் ஐபிவி6க்கும் தனித்தனியா இருக்கும், அதை ஆஃப் பண்ணி டெஸ்ட், அப்புறம் எனர்ஜி எஃபிஷியன்ட், ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். நாலையும் சேர்த்து மாத்திட்டு சரியாயிடுச்சுன்னா எது காரணம்னு தெரியாம அடுத்த அப்டேட்ல திரும்ப முதல்ல இருந்து வரணும்.

டிரைவரை மாத்தறதுன்னா சிப் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு மாத்துங்க. டிவைஸ் மேனேஜர்ல ஹார்டுவேர் ஐடின்னு ஒண்ணு இருக்கும், முதல் நம்பர் கம்பெனி, ரெண்டாவது சிப் (இன்டெல்லோட நம்பர் 8086, அவங்களோட 1978 ப்ராசசரை ஞாபகம் வச்சு எடுத்தது). புதுசுதான் நல்லதுன்னு இல்ல, அப்டேட்டுக்கு அப்புறம் ஸ்லோ ஆச்சுன்னா ரோல்பேக் பண்ணுங்க, அதாவது பழைய டிரைவருக்கே திரும்புங்க, லினக்ஸ்னா பூட் மெனுல பழைய கர்னலை எடுங்க. அன்இன்ஸ்டால் பண்ணும்போது டிரைவர் ஃபைலையும் அழிக்கறதுக்கான டிக் போடலைன்னா விண்டோஸ் அதே டிரைவரை எடுத்து திரும்ப மாட்டிடும்.

டிரைவரால தீராத கேஸும் உண்டு. இன்டெல்லோட ஐ225 2.5 ஜிகாபிட் சிப்போட ஆரம்ப ரிவிஷன்ல பாக்கெட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவுல விடற இடைவெளியிலயே சிக்கல், சில ஸ்விட்ச்சோட சேர்ந்தா பாக்கெட் தொலையும், வேகத்தை 1 ஜிகாபிட்டுக்கு இறக்கி ஓட்டறதுதான் அதுக்கு வழின்னு ஆச்சு. அந்த மாதிரி கார்டு அமைஞ்சுட்டா பேசாம ஒரு யுஎஸ்பி ஜிகாபிட் அடாப்டர் வாங்கி மாட்டிடலாம், யுஎஸ்பி 3 போர்ட்ல மாட்டுங்க, யுஎஸ்பி 2ல மாட்டினா அந்த போர்ட்டோட உச்சமே 480 எம்பிபிஎஸ், கைக்கு வர்றது அதுலயும் கம்மி.