ஐ.இ.பி. கல்லூரிவரை உடன் வராது

அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். போட்டி கடுமையான கல்லூரிகள் என்றால் பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்: "பையனுக்கு டிஸ்லெக்ஸியான்னு எழுதணுமா? ஒதுக்கிடுவாங்களோ?"

டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம், 504ஆம் பிரிவின்படி, சேர்க்கைக்கு முன் கல்லூரி பொதுவாக இதைக் கேட்கவே கூடாது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வைக் குறைபாட்டுக்காகத் தரும் கூடுதல் நேரத்தில் எழுதியதும் மதிப்பெண் அறிக்கையில் தெரியாது. அறிக்கையில் அதைக் குறியிட்டுக் காட்டும் வழக்கம் 2003இலேயே போய்விட்டது. சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். அப்பா அம்மா இல்லை.

என்னைக் கேட்டால், மதிப்பெண் ஓரிடத்தில் சரிந்து, குறைபாடு கண்டறியப்பட்ட பிறகு ஏறியிருந்தால் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் வாசிப்பவர் தானே ஒரு காரணத்தை ஊகித்துக்கொள்வார். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கூடுதல் தகவலுக்கென்று உள்ள இடத்தில் நாலு வரி போதும். அதற்காக முதன்மைக் கட்டுரையை மருத்துவ அறிக்கையாக்க வேண்டாம்.

சரி, யாருமே கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். பள்ளியில் ஐ.இ.பி., அதாவது குறைபாடுள்ள பிள்ளைக்கென்று வகுக்கும் தனிக் கல்வித் திட்டம், இருந்ததல்லவா, அது பள்ளிப் படிப்போடு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று தேடிக் கண்டுபிடிப்பது பள்ளியின் கடமை. கல்லூரிக்கு அந்தக் கடமை கிடையாது. மாணவரே போய்க் கேட்கவேண்டும். விண்ணப்பத்தில் எழுதியாயிற்றே என்று இருந்துவிட முடியாது. சேர்க்கை அலுவலகம் வேறு, குறைபாடுள்ள மாணவர்களுக்கு உதவி வழங்கும் அலுவலகம் வேறு. அங்கே தனியாகப் பதிவு செய்யவேண்டும், ஆவணமும் கொடுக்கவேண்டும். மூன்றாம் வகுப்பில் எடுத்த பரிசோதனை அறிக்கையைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. புதிதாக எடுக்கக் கல்லூரி பணம் தராது. அதனால் பள்ளியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் மறுமதிப்பீட்டை, 'அதான் எல்லாம் தெரியுமே' என்று கடைசி ஆண்டுகளில் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்த ஒரு கையெழுத்துக்காகப் பின்னால் வருந்திய குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்குப் போய்விடும். அம்மா மின்னஞ்சல் அனுப்பிக் காரியம் நடக்காது.

ஆகவே பதினோராம் வகுப்பிலேயே, விரும்பும் கல்லூரிகளின் உதவி அலுவலகத்துக்கு மாணவரையே தொலைபேசச் சொல்கிறேன். தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரியில் இந்த அலுவலகமும் நன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. போன வருடம் ஒரு மாணவன் என் அறையிலிருந்து கூப்பிட்டான். பக்கத்திலிருந்து அம்மா வார்த்தை எடுத்துக் கொடுத்தபடி இருக்க, அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னேன். "பரீட்சையைத் தனி அறையில் எழுத எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்?" இதுதான் அவன் கேள்வி. மூன்று பேருக்கு மாற்றிவிட்டார்கள், ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. போனை வைத்தான். அதுவரை பட்டியலில் முதலாவதாக இருந்த அந்தக் கல்லூரியைப் பென்சிலால் அடித்து, கடைசியில் எழுதினான்.