படபடப்பு மாத்திரை பிரஷரை ஏற்றுமா, இறக்குமா?

"பதற்றத்துக்கு மாத்திரை போட்டால் மனசு அடங்கும், மனசு அடங்கினால் பிரஷரும் தானே இறங்கிவிடும்" என்றுதான் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி சரி. ஆனால் பதற்ற மாத்திரை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல மருந்துகள் இருக்கின்றன, அவற்றில் சில பிரஷரை இறக்கும், சில ஏற்றும், சில பெரிதாக எதுவும் செய்யாது. உங்கள் கையில் இருப்பது எது என்று தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

முதலில் பதற்றம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இதயம் எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, ரத்தக் குழாய்கள் எவ்வளவு இறுகியிருக்கின்றன, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பிரஷர். பயம் வந்ததும் அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற அவசரகால ஹார்மோன்கள் பாய்ந்து இதயத்தை வேகமாக அடிக்க வைக்கின்றன, தோலில் உள்ள சின்னக் குழாய்களை இறுக்குகின்றன. பயந்தால் கை சில்லிட்டுப் போவது இதனால்தான். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது 'எவ்வளவு காட்டப்போகிறதோ' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், பட்டை இறுக இறுக அதற்குள் நாடி துடிப்பது தெரியும், எண்ணும் கூடவே ஏறும். பதற்றம் தணிந்தால் அதுவும் தணிந்துவிடும். நாள்பட்ட ரத்த அழுத்தம் வேறு விஷயம், அதற்குப் பதற்ற மாத்திரை மருந்தல்ல.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம். டயஸெபாம், லோராஸெபாம், அல்பிரஸோலம், குளோனஸெபாம் எல்லாம் பென்சோடயஸெபைன் குடும்பம். நரம்பணுக்களை அமைதிப்படுத்த மூளையிலேயே காபா என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. இந்த மாத்திரைகள் காபா ஏற்பியில் (காபா வந்து உட்காரும் இடத்தை உடைய புரதம்) ஒட்டிக்கொண்டு அதன் வேலையைக் கூட்டுகின்றன, குளோரைடு அயனிகள் நரம்பணுவுக்குள் அதிகமாக நுழைகின்றன, நரம்பணு சுலபத்தில் கிளர்ந்தெழுவதில்லை. இதயத்துக்கும் குழாய்களுக்கும் போகும் அவசரச் செய்திகள் குறைவதால் பிரஷர் கொஞ்சம் இறங்கும், வழக்கமான அளவில் பெரிய இறக்கமெல்லாம் இருக்காது. மதுவோடோ, மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்துகளோடோ சேர்ந்தால் கதையே வேறு: மூச்சும் பிரஷரும் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

ப்ரோப்ரனலால் வேறு வழியில் வேலை செய்கிறது. மேடை ஏறும்போது கை நடுங்குபவர்களுக்கு இதைக் கொடுப்பதுண்டு. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி உருவாக்கிய மருந்து, அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் வந்து உட்காரும் பீட்டா ஏற்பிகளை இது மறித்துக்கொள்கிறது, அதனால் இதயம் நிதானமாக அடிக்கிறது, பிரஷரும் இறங்குகிறது. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆகாது, மூச்சுக்குழாயை இறுக்கிவிடும்.

இனி ஏற்றும் பக்கம். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்றவை செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருளை மட்டும் குறிவைப்பவை, பெரும்பாலானவர்களுக்குப் பிரஷரில் பெரிய மாற்றம் வராது. வென்லாஃபாக்சின் அப்படியல்ல. அது செரோடோனினோடு நார்அட்ரினலினையும் நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடாமல் தடுக்கிறது, நார்அட்ரினலின்தான் குழாய்களை இறுக்கும் ஆள் என்று மேலே பார்த்தோம் அல்லவா? குறைந்த அளவில் செரோடோனின் வேலைதான் முன்னால் நிற்கும், டோஸ் கூடக் கூட நார்அட்ரினலின் வேலை தலைதூக்கும். ஆரம்பகால மருந்துச் சோதனைகளில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் எடுத்தவர்களில் சுமார் 3 சதவீதம் பேருக்குத்தான் பிரஷர் ஏறி நின்றது, 300-க்கு மேல் எடுத்தவர்களில் அது சுமார் 13 சதவீதம். டுலாக்செடினும் இதே வகைதான், பிரஷரைக் கொஞ்சம் ஏற்றலாம். பதற்றம் நன்றாகக் குறைந்திருக்கும், ஆள் நிம்மதியாகத் தூங்குவார், பிரஷர் மட்டும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான், ஏனென்றால் உடம்பு நன்றாக இருக்கும்போது யாரும் பிரஷர் பார்க்கப் போவதில்லை.

இமிபிரமின் போன்ற பழைய மருந்துகளில் சிக்கல் எழுந்து நிற்கும்போது வரும். நிமிர்ந்ததும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். உடனே குழாய்கள் இறுகி அதை மேலே அனுப்ப வேண்டும், இந்த மருந்து அந்த இறுக்கத்தைத் தடுத்துவிடுகிறது. ராத்திரி சிறுநீர் கழிக்கச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும், கால் தளரும், சுவரைப் பிடிப்பதற்குள் விழுந்திருப்பார்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு உடைவது பல நேரம் இப்படித்தான். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடும்.

அப்புறம், நிறுத்துவது. ப்ரோப்ரனலாலை நாள்கணக்கில் எடுக்கும்போது உடம்பு பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது, மாத்திரையைத் திடீரென்று விட்டால் அத்தனை ஏற்பிகளிலும் அட்ரினலின் ஒரே நேரத்தில் பாய்கிறது. அல்பிரஸோலத்தைச் சட்டென்று விட்டாலும் நாடியும் பிரஷரும் எகிறும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டரைக் கேட்டு வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி.

மாத்திரை தொடங்கும் முன் ஒரு தடவை, டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஒன்று, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் இன்னொன்று. நின்றதும் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ இறங்கியிருந்தால், குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.