மார்கழிக் குளிரில் ஏசியா? ஆமாம் சாமி, ஏசிதான்

கம்பத்தில் கார் ஏசி வேலை பார்க்கிறேன். கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு முடியும் வரை எங்கள் ரோட்டில் சபரிமலை வண்டிகள்தான். போன வாரம் மலையிலிருந்து திரும்பி வந்த ஒரு வண்டி பக்கத்து டிங்கரிங் கடையில் நின்றது. இடது பக்க ஹெட்லைட் உடைந்து, பம்பர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குட்டிக்கானம் தாண்டி ஒரு வளைவில் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டதாம், ஓட்டின சாமி ஒரு கையில் ஸ்டீயரிங்கும் இன்னொரு கையில் துண்டுமாகத் துடைத்துக்கொண்டே வந்ததில் மண் திட்டில் இடித்துவிட்டார். யாருக்கும் அடியில்லை. "ஏசி போட்டிருக்கலாமே சாமி" என்றேன். "இந்தக் குளிர்ல ஏசியா? விளையாடாதீங்க சாமி" என்றார். இந்த சீசனில் இதே பதிலைச் சொன்ன நாலாவது ஆள் அவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏசி என்றால் குளிர் என்று யார்தான் நம் மண்டையில் ஏற்றினார்களோ தெரியவில்லை. வெயில் காலத்தில் ஏசி போட்டு நிறுத்திய காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காருக்குள்ளே காற்றில் இருந்த ஈரம். ஏசி அதைப் பிழிந்து வெளியே விடுகிறது. குளிர் காலத்தில் நமக்கு வேண்டியது அந்த வேலைதான். எட்டுப் பேர், பம்பையில் குளித்த ஈர வேட்டி, நனைந்த துண்டு, நாலு கண்ணாடியும் இறுக்க மூடியிருக்கிறது, வெளியே பீர்மேட்டுப் பனி. கண்ணாடியில் புகை மாதிரி படியாமல் வேறென்ன செய்யும்?

அடுத்த கேள்வி எனக்கு முன்கூட்டியே தெரியும்: "ஏசியும் ஹீட்டரும் ஒன்றாகப் போடலாமா?" தாராளமாகப் போடலாம். திருகும் குமிழைச் சிவப்புப் பக்கம் வைத்துவிட்டு ஏசி பட்டனை அமுக்குங்கள். வருகிற காற்று சூடாகவே வரும், ஆனால் காய்ந்த காற்றாக வரும். இரண்டும் சண்டை போடாது, வண்டி கெட்டுப்போகாது. ஹீட்டருக்கு எரிபொருள் தனியாகச் செலவாவதுமில்லை, எஞ்சின் வீணாகக் கக்கும் சூட்டைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. ஏசிக்கு டீசல் கொஞ்சம் கூடும்தான். பம்பர் மாற்றுகிற காசோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பில் வைத்தும் சூடு வரவில்லையா? உங்கள் மெக்கானிக் என்றைக்கோ "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று எஞ்சின் சூடு ஏறி நிற்கப் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார். எங்கள் தொழிலில் இப்படி ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது, என்ன சொல்ல.

காற்று முன் கண்ணாடிக்குப் போகிற மாதிரி மாற்றுங்கள். காருக்குள் அம்பு வளைந்து நிற்கும் படம் போட்ட பட்டன் இருக்கிறதே, அதை அணைத்துவிடுங்கள். அது உள்ளே இருக்கும் ஈரக்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். கையால் துடைக்கவே துடைக்காதீர்கள், கை எண்ணெய் அப்பிக்கொண்டு எதிர் வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசும். ஏசியே இல்லாத பழைய வண்டியா, கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கிவிடுங்கள், குளிரைப் பொறுத்துக்கொள்ளுங்கள். முண்டக்கயம் பக்கம் இறங்கியதும் வெதுவெதுப்பில் சில நேரம் ஈரம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் படியும். அதற்கு வைப்பர் போட்டு, உள்ளே குளிர் வைத்திருந்தால் குறைத்தால் போதும். மூணாறு, ஊட்டி பக்கம் உறைபனி விழும் விடியற்காலையில் ஏசி போட்டாலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடாமல் நிற்கலாம், நிறைய வண்டிகளில் அது அப்படித்தான், ரிப்பேர் என்று ஓடிவர வேண்டாம்.

அப்புறம், ஐப்பசியில் ஏசியை அணைத்துவிட்டு பங்குனியில் "சாமி, காத்து மட்டும்தான் வருது" என்று வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்ரசருக்கு எண்ணெய் போவதே கேஸோடு சேர்ந்து சுற்றித்தான். மாதக்கணக்கில் ஓடாவிட்டால் சீல் காய்ந்து கேஸ் கசியும். வாரத்துக்கு ஒரு தரம் 10 நிமிடம் போட்டுவிடுங்கள். எனக்கு வரும்படி குறைந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு ஏசியோ ஹீட்டரோ போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். புகைக்குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்தில் இருக்கிறவர் எழுந்திருக்கவே மாட்டார். எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்துப் படுங்கள். குளிருக்குத்தான் கம்பளி கொண்டுபோகிறீர்களே சாமி.