காட்டுக்குள் ஆஃப்ரோடு ஓட்டினால் வண்டியே போகலாம்

சரணாலயத்துக்குள் தார்ச்சாலையை விட்டு ஜீப்பையோ பைக்கையோ இறக்குபவர்கள் பலரும், பிடிபட்டால் அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு லேசானதல்ல.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுதான் இதில் அடிப்படை. சரணாலயத்தின் வழியே செல்லும் பொதுச் சாலையில் போகலாம். உள்ளே வீடு, நிலம் உள்ளவர்களுக்கும், பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கும் தடையில்லை. மற்றவர்களுக்கு 28-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். ஆகவே முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குச் சாலையில் போகலாம்; பாதி வழியில் காட்டுத் தடத்தில் வண்டியைத் திருப்பினால் அது அத்துமீறல். தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். சரணாலயமாக இல்லாத காப்புக்காட்டில் அத்துமீறினால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 21-வது பிரிவு பாயும்.

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று சிலர் கேட்கிறார்கள். தேவைதான். ஈரப் புல்வெளியில் டயர் பதித்த தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி மண்ணை அரிக்கும். ஆட்காட்டிக் குருவி வெறும் தரையில்தான் முட்டையிடுகிறது. ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

தண்டனைக்கு வருவோம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 25,000 ரூபாயாக இருந்த அபராத வரம்பை 2022 திருத்தம் 1 லட்சமாக உயர்த்தியது. புலிகள் காப்பகத்தின் மையப்பகுதியில் நடந்த குற்றமென்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை.

என்னைக் கேட்டால், அபராதத்தைவிட வலுவான பிடி வண்டிதான். 50-வது பிரிவின்படி வனத்துறை அதிகாரி அதை நிறுத்திச் சோதிக்கலாம், கைப்பற்றலாம். குற்றம் நிரூபணமானால் அதை அரசுடைமையாக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கு நடக்கும்போது மாஜிஸ்திரேட் இடைக்காலமாக விடுவிக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கும் நீதிமன்றப் படியேறத்தான் வேண்டும்.

சரி, இப்படி ஓட்டுவதை நாம் பார்த்தால்? பின்னாலேயே காட்டுக்குள் துரத்த வேண்டாம். அது நம்மையும் அத்துமீறியவராக்கிவிடும். வண்டி எண், இடம், நேரம், முடிந்தால் சாலையில் நின்றபடி எடுத்த படம், இவற்றோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றாலும் கதவு மூடிவிடவில்லை. 55-வது பிரிவு இதற்காகவே பொதுமக்களுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது: அரசுக்கோ, அது அதிகாரமளித்த அதிகாரிக்கோ 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம்.