மோல்டிலிருந்து கழன்றால் மட்டும் போதுமா?

"மோல்டுல இருந்து வழுக்கிக்கிட்டு வருது சார். ஆனா ரெண்டு வாரத்துல பி.யூ. இரும்பை விட்டு உரியுது." அம்பத்தூரில் இரும்புத் தண்டின் மேல் பாலியூரித்தேன் (பி.யூ.) வார்த்து ரோலர் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னது இது. பி.யூ. இரும்பில் பிடிப்பதற்காகப் பூசும் பிரைமரை மாற்றிப் பார்த்துவிட்டார். இரும்பின் மேல் துகள்களை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கும் இரண்டு தடவை ஆகிவிட்டது.

மேசைமேல், ரிலீஸ் ஏஜென்டாக, அதாவது வார்த்த பொருள் மோல்டில் ஒட்டாமல் கழல்வதற்காக, அவர் அடிக்கும் சிலிகான் ஸ்ப்ரே டப்பா இருந்தது. அதை மோல்டுக்கு அடிக்கும் இடத்திலிருந்து நாலடி தள்ளி, ஃபேனுக்கு அடியில், பிரைமர் பூசிய தண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியாத அளவு சிலிகான் படிந்தாலே போதும், பி.யூ. அங்கே பிடிக்காது. மறுபடி பிளாஸ்டிங் செய்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் உண்டு: துடைக்காத தண்டுகளை உள்ளே விட்டதால், சுழன்று வரும் கிரிட்டிலேயே, அதாவது அடிக்கும் துகள்களிலேயே, சிலிகான் ஏறியிருந்தது.

பி.யூ. இயல்பிலேயே பசை. அதனால் நம் கவலையெல்லாம் கழற்றுவதிலேயே நின்றுவிடுகிறது. ரிலீஸ் ஏஜென்ட் வாங்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: கழற்றிய பிறகு அந்தப் பொருளுக்கு என்ன வேலை? பெயின்ட் அடிப்பதோ ஒட்டுவதோ இருந்தால் சிலிகான் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது மோல்டின் சூடு. ரிலீஸ் ஏஜென்டாகப் பூசும் கார்னூபா மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். 100 டிகிரியில் வார்ப்பவருக்கு அது வழிந்தோடும். அங்கே மோல்டில் பிடித்துக்கொண்டு பல வார்ப்புகளுக்குத் தாங்கும் செமி பெர்மனன்ட் கோட்டிங்தான் சரி. ஆனால் அதைப் பழைய மெழுகின் மேலேயே பூசிவிட்டு "சரக்கு மட்டம்" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, மெல்லிய கோட்டுகளாகப் பூசி, டேட்டா ஷீட்டில் சொன்ன நேரம் காயவிட வேண்டும்.

சென்னையில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் தண்ணீர் கலந்த ரிலீஸ் ஏஜென்ட் ரகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பி.யூ.வில் சேரும் ஐசோசயனேட் தண்ணீரைத் தொட்டால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். பொருளின் மேல் ஊசிக்குத்து போல ஓட்டைகள் விழும். சூடான மோல்டில் ஈரம் பறந்துவிடும், சூடில்லாத மோல்டில் தங்கிவிடும். ஸ்ப்ரேக்குக் காற்று தரும் கம்ப்ரசர் லைனில் சேரும் தண்ணீரைக் காலையிலேயே வடித்துவிடுங்கள். சால்வென்ட் (கரைப்பான்) கலந்த ரகத்துக்கு மாறினால் ஓவன் பக்கத்தில் அடிக்காதீர்கள், ஆவி தீப்பிடிக்கும்.

அந்தப் பட்டறையில் தண்டுகளைச் சால்வென்டில் துடைத்து, கிரிட்டை முழுதாக மாற்றி, அதன் பிறகே பிளாஸ்டிங் செய்தோம். பிரைமர் வேலை இப்போது தனி அறையில் நடக்கிறது. மோல்டுக்குச் சிலிகான் இல்லாத கோட்டிங். ரோலர்கள் உரிவதில்லை.