அறுந்த நரம்புக்கு வழி விடும் செல்கள்

மணிக்கட்டில் நரம்பு அறுந்தால், மருத்துவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார். வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை இந்த வேலைக்குப் பேர்போனது. ஆனால், தையல் சேர்ப்பது நரம்பின் உறைகளைத்தான். உள்ளே ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகத் தைக்க யாராலும் முடியாது. அவை தாமாக வளர்ந்து தசையைப் போய்ச் சேர வேண்டும். அதற்கு வழி விடுபவை, 1839-ல் தியோடர் ஷ்வான் விவரித்த ஷ்வான் செல்கள்.

இவை கிளையா எனப்படும் துணைச் செல்களின் வகையைச் சேர்ந்தவை. நியூரான்களுக்கு, அதாவது செய்தி கடத்தும் நரம்பு செல்களுக்கு, இடையே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை என்றே கிளையா செல்களை நெடுங்காலம் நினைத்தார்கள். எவ்வளவு பெரிய தவறு அது!

நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது, தசையிலுள்ள ஏற்பிகள் அதைப் பிடிக்கின்றன, தசை சுருங்குகிறது. அந்த நுனியின் மேல் சில ஷ்வான் செல்கள் போர்த்தினாற்போல் படிந்திருக்கின்றன. அசிட்டைல்கோலின் வெளியானதும் அவற்றுக்குள் கால்சியம் ஏறுகிறது. அடுத்து எவ்வளவு வெளியாக வேண்டும் என்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. தவளைத் தசையில் இவற்றை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் போனதும் நரம்பு நுனிகள் பின்வாங்கத் தொடங்கின. ஷ்வான் செல்கள் இல்லாத எலிக் கருக்களிலோ, நரம்பு தசைவரை வந்தது, இணைப்பு நிலைக்கவில்லை.

நரம்பு அறுந்ததும் வெட்டுக்கு அப்பாலுள்ள இழைகள் சிதைந்துபோகும். 1850-லேயே அகஸ்டஸ் வாலர் இதைக் கண்டார். ஆனால் அந்தப் பாதையிலுள்ள ஷ்வான் செல்கள் பிழைத்திருக்கும். இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்தும் வேலையை விட்டுவிட்டு, குப்பையைத் துப்புரவாக்கி, வரிசையாக நின்று பாதை அமைக்கும். புதிய இழை அதில் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் ஊர்கிறது. மருத்துவர் கையை விரலால் தட்டிக்கொண்டே வரும்போது ஓரிடத்தில் கரண்ட் அடித்ததுபோல் சுரீரென்கிறதே, வளரும் நுனிகள் அங்கேதான் இருக்கின்றன. மாதாமாதம் அந்த இடம் விரல் பக்கமாக நகர்ந்தால் நல்ல சேதி.

எனக்கு மிகவும் பிடித்தது தசையருகே நடப்பது. 1995-ல் சன், தாம்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலித் தசையில் காட்டியது இது: நரம்பை இழந்த இணைப்பிலுள்ள ஷ்வான் செல்கள் நீண்ட கிளைகளை நீட்டுகின்றன. ஒரு கிளை பக்கத்தில் நரம்புள்ள இணைப்பைத் தொட்டதும், அங்கிருந்து புது இழை துளிர்த்து, பந்தலில் கொடி படர்வதுபோல் அந்தக் கிளைமேல் படர்ந்து வருகிறது. நரம்பு பாதி அறுந்தவருக்குத் தசை பலம் சீக்கிரம் திரும்புவது இத்தகைய துளிர்களால்தான்.

ஆனால் இதற்குக் கெடு உண்டு. சென்னை ஓஎம்ஆர் சாலையில் பைக்கிலிருந்து விழுந்து தோளருகே நரம்பு அறுந்தவருக்கு, உள்ளங்கைவரை அரை மீட்டருக்கு மேல் தூரம். ஒன்றரை ஆண்டு ஆகலாம். அதற்குள் காத்திருக்கும் ஷ்வான் செல்கள் வலுவிழக்கும், தசையும் மெலியும். அதனால்தான் இப்படி அடிபட்டு முழங்கையை மடக்க முடியாதவருக்கு, சில மாதங்களுக்குள்ளேயே, பக்கத்தில் நன்றாக இருக்கும், சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பிலிருந்து ஒரு சிறு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் மேல்கைத் தசையின் வாசலிலேயே இணைக்கிறார்கள். இழை போக வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.