பழைய ஹோஸ்டிங்கை அன்றைக்கே மூடாதீங்க

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. வெள்ளிக்கிழமை மதியம் புது ஹோஸ்டிங்குக்கு (வெப்சைட் இருக்கும் வாடகை சர்வர்) மாறி, நேம்சர்வரை (டொமைனின் முகவரி விவரங்களை வைத்திருக்கும் சர்வர்) மாற்றி, காசு மிச்சம் என்று சாயங்காலமே பழையதை ரத்து செய்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் முதலாளி கூப்பிட்டார். "ஏனுங்க, என்ற போன்ல சைட்டு வருதுங்க, ஆபீஸ்ல வரமாட்டேங்குது. பையர் மெயிலும் ஒண்ணையும் காணோமுங்க." சாம்பிளுக்கு ஓகே சொல்லி ஜெர்மனியிலிருந்து அனுப்பிய மெயில் திரும்பிவிட்டது. 'அப்படி ஒரு மெயில்பாக்ஸே இல்லை' என்று வந்த பதிலை பையரே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். இதே கதையை நான் எத்தனை தடவைதான் பார்ப்பது?

"டிஎன்எஸ் உலகம் பூரா பரவ 48 மணி நேரம் ஆகும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். டிஎன்எஸ் என்பது சைட் பெயரைக் கொடுத்தால் சர்வர் முகவரியைச் சொல்லும் டைரக்டரி. பரவுவதெல்லாம் இல்லைங்க. பவானிசாகரில் மதகைத் திறந்தால் கீழ்பவானி வாய்க்கால் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகுமே, அந்த மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் மாற்றியதை யாரும் எங்கேயும் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. உங்கள் ஆபீஸ் பிராட்பேண்டின் டிஎன்எஸ் சர்வர் முன்னாடியே ஒரு தடவை கேட்டு, பதிலைக் கேஷில், அதாவது தன் தற்காலிக நினைவில், எழுதி வைத்திருக்கிறது. எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அந்தப் பதிலிலேயே இருக்கும், அதுதான் டிடிஎல். 86400 நொடி என்றால் முழுசாக ஒரு நாள், அது தீரும்வரை அந்த சர்வர் மறுபடி கேட்கவே வராது, மூடிவிட்ட பழைய இடத்துக்கே ஆபீஸை அனுப்பும். போன் வேறு நெட்வொர்க், அதன் கணக்கு தனி. டாட் காம் டொமைன் என்றால் நேம்சர்வர் விவரத்துக்கு மேலே இருக்கும் சர்வர்கள் கொடுக்கும் டிடிஎல் 172800 நொடி, அதாவது இரண்டு நாள். காத்திருக்கிற நேரத்தில் டொமைன் செட்டிங்ஸ் பேனலைத் திறந்து மாற்றி மாற்றிப் போடாதீர்கள், ஒவ்வொரு தப்பும் யாரோ ஒருவர் கேஷில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மெயில் போனதற்குக் காரணம் வேறு. மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டை புது நேம்சர்வரில் யாருமே போடவில்லை. எம்எக்ஸ் இல்லையென்றால் மெயில் நேராக ஏ ரெக்கார்டு (சைட்டின் ஐபி முகவரி) காட்டும் வெப் சர்வரின் கதவைத் தட்டும், அங்கே மெயில்பாக்ஸ் கிடையாது.

முடிந்தவரை நேம்சர்வரைத் தொடாமல் ஏ ரெக்கார்டை மட்டும் மாற்றுங்கள். அதன் டிடிஎல்லை இரண்டு நாள் முன்னாடியே 300 நொடிக்குக் குறையுங்கள், மாற்றிய பிறகு குறைத்துப் பிரயோஜனமே இல்லை. நேம்சர்வரை மாற்றியே ஆகவேண்டும் என்றால் பழைய ரெக்கார்டுகள் அத்தனையையும், எம்எக்ஸ், டெக்ஸ்ட் ரெக்கார்டு உட்பட, முதலில் புது இடத்தில் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஷிப்மெண்ட் வாரத்தில் இந்த வேலையே வேண்டாம்.

அப்புறம், பழைய ஹோஸ்டிங். தயவுசெய்து ஒரு வாரமாவது ஓடட்டுமுங்க. மூடுவதற்கு முன்னால் அங்கிருக்கும் இன்பாக்ஸை ஒரு தடவை திறந்து பாருங்கள், இடைப்பட்ட நாட்களில் வந்த மெயில் அங்கே கிடக்கும்.